பார்த்தாலே தெரியும் என்றவள்

அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எழுத மாட்டேன். எங்கள் பிளாக்கில் எல்லாரும் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டோம். முகத்துக்கு நேரே நானும் வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இங்கே அவள் என்றுதான் எழுதப் போகிறேன். அது பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங் பக்கம் மலிவு விலை அடுக்குமாடி வீடு எங்களுடையது. நான் பன்னிரண்டாவது மாடி. அவள் இரண்டாவது மாடி. ஏதோ ஆபீசில் டைப்பிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருப்பாள். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம் கீழே கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். யாருக்காகவும் காத்திருக்கிற மாதிரி இருக்காது. சும்மா நிற்பாள். பசாரிலிருந்து வருகிறவர்களின் பையைப் பார்ப்பாள். பை எப்படித் தொங்குகிறது என்பதை வைத்தே உள்ளே இறாலா, நெத்திலியா என்று சொல்லிவிடுவாள்.

"எனக்குப் பார்த்தாலே தெரியும்லா" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. யார் வீட்டில் சண்டை, யார் புருஷன் குடித்துவிட்டு வந்தான், யார் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் பார்த்தாலே தெரியும். பாதி சரியாகவும் இருக்கும். அதுதான் பிரச்சினை. பாதி சரியாக இருந்ததால் மீதியையும் நாங்கள் நம்பினோம்.

வெறும் வம்பு பேசுகிறவளாக இருந்திருந்தால் எனக்கு அவளைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவள் கையில் கூடை இருந்தது.

கூடை என்றால் அரசாங்கக் கூடை. சின்னப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற எடை இல்லை, வீட்டில் வருமானமும் இல்லை என்றால் கிளினிக்கிலிருந்து மாதாமாதம் அந்தக் கூடை கிடைக்கும். அரிசி, எண்ணெய், முட்டை, சார்டின் டின், பிஸ்கட், பால்மாவு. பிள்ளை எடை ஏறும்வரை கொடுப்பார்கள். ஆனால் முதலில் கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். மிஸ்ஸி என்றால் நர்ஸ். எங்கள் பகுதிக்கு வந்தது ஒரு மலாய்ப் பெண், நல்ல மாதிரி. அவருக்கு எங்கள் பிளாக்கும் தெரியாது, ஆட்களும் தெரியாது. அதனால் குடியிருப்போர் குழுவிலிருந்து இவள் கூடவே போவாள். வீட்டைக் காட்டுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஆனால் வெளியே வந்ததும் மிஸ்ஸி அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் தலையாட்டினால் கூடை. உதட்டைப் பிதுக்கினால் இல்லை.

ஏழாவது மாடியில் செல்வி இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். சலூனில் முடி கூட்டுகிற வேலை. அவளைப் பார்க்க மிஸ்ஸியோடு போனபோது இவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. செல்வியின் விரல்களைத்தான் பார்த்தாள்.

"நகத்துக்குச் சாயம் பூச காசு இருக்கு, பாலுக்கு இல்லையாமா?"

"சலூன்ல மிஞ்சினது ஆன்ட்டி. மொதலாளியம்மா சும்மா குடுத்தாங்க."

"சும்மா குடுத்தா பூசிக்குவியா? உன் நெலமையில இருக்கறவளுக்கு நகத்தைப் பார்க்க எங்கமா நேரம்?"

செல்விக்குக் கூடை இல்லை. சிவப்புச் சாயம்தான் காரணம். நான் கதை கட்டவில்லை. செல்வி என்னிடம் சொல்லும்போது அந்தச் சாயம் பாதி உரிந்து விரலில் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாக எழுதினேன் என்பார்கள். முதல் மாடியில் ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி, எந்நேரமும் அழுகிறவள். அவளுக்கு ஏதோ ஆவணம் சரியில்லை என்று கிளினிக்கில் திருப்பி அனுப்பினார்கள். இவள் நேரே கிளினிக்குக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸியோடு கத்திச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாள். தன் வீட்டு மெத்தையையும் தூக்கிக் கொடுத்தாள். அழுகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். கிழிந்த கைலி, எண்ணெய் காணாத தலை, கையெடுத்துக் கும்பிடுகிற பெண் என்றால் உருகிப்போய்விடுவாள். நிமிர்ந்து நிற்கிறவளைத்தான் அவளால் தாங்க முடியாது.

ஒரு டின் பால்மாவைக்கூட அவள் தனக்கென்று எடுத்ததில்லை. அது உண்மை. திருடியாகவாவது இருந்திருக்கலாம். ஒரு போலீஸ் ரிப்போர்ட்டோடு எனக்கு வேலை முடிந்திருக்கும்.

அவள் என் வீட்டுக்கு வந்தது, செல்வி வீட்டுக்குப் போனதற்கு அடுத்த சுற்றில்.

என் வீட்டுக்காரர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் கொந்தராக் வேலை, அதாவது ஒப்பந்த வேலை செய்தார். தினமும் மோட்டாரில் கடல் பாலத்தைத் தாண்டிப் போய் வருவார். முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள், பிறகு ஆளையே நிறுத்தினார்கள். அவர் சாப்பாடு டெலிவரிக்குப் போனார். மழை பெய்தால் ஆர்டர் கூடும், காசு வரும்; மோட்டார் கெட்டால் அதுவும் இல்லை. பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. கிளினிக்கில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளி மேலே ஏறும். என் பையனுக்குப் படுத்தே கிடந்தது. கையைப் பிடித்தால் என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சுற்றிவந்து ஒன்றையொன்று தொடும். டாக்டர்தான் கூடைக்கு எழுதச் சொன்னார். "மிஸ்ஸி உங்க வீட்டுக்கு வருவாங்க" என்றார்.

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? நான் அதைத்தான் செய்தேன்.

முதல் நாளே வீட்டைக் கழுவினேன். ஜன்னலுக்குத் தீபாவளித் திரையைப் போட்டேன். பையனைக் குளிப்பாட்டி, கன்னத்தில் பொட்டு வைத்து, கல்யாண வீட்டுக்குத் தைத்த ஜிப்பாவைப் போட்டுவிட்டேன். கழுத்தில் கவரிங் சங்கிலி. வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீரையா கொடுப்பது? எதிர்வீட்டு லெட்சுமி அக்காவிடம் போய் நின்றேன். மைலோ, சீனி, நல்ல கப்பு, ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், எல்லாம் அவர் கொடுத்தார். "மிஸ்ஸி வர்றாங்க, நல்லபடியா கவனிச்சு அனுப்பு" என்று அவரும்தான் சொன்னார். உதவி கேட்கப் போகிற நாளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கல்யாண வீடு ஜோடித்த மாதிரி ஜோடித்து வைத்தோம். எங்களுக்கு அது தப்பு என்று தோன்றவே இல்லை.

இருவரும் வந்தார்கள். மிஸ்ஸி பையனைத் தூக்கினார். இவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள், துணியைத் தேய்த்துப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மைலோவை உறிஞ்சினாள்.

"மைலோ நல்லா கெட்டியா போட்டிருக்கியேமா."

"குடிங்க ஆன்ட்டி."

ஒரு கறிபாப் எடுத்தாள். பையன் மிஸ்ஸியின் மடியிலிருந்து இறங்கித் தட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும். அவன் முண்டினான். நான் விடவில்லை. இவள் இரண்டாவது கறிபாப்பையும் எடுத்தாள்.

எனக்கு மலாய் தெரியும். ஆனாலும் மிஸ்ஸி கேட்டதற்கெல்லாம் இவள்தான் பதில் சொன்னாள். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள்: "ஓகேலா மிஸ்ஸி, இவங்க சுக்குப் மாக்கான்." இந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அர்த்தம். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் முன்னாலேயே, நாக்கில் கறிபாப்பின் காரம் அடங்குவதற்குள் சொன்னாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது தமிழில் எனக்குத் தனியாகச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதமா. இல்லாதவங்க வீடு மாதிரியா இருக்கு இது? எனக்குப் பார்த்தாலே தெரியும்லா. உனக்குக் கீழ எத்தனை பேரு இருக்காங்க. அடுத்த சுத்துல பார்ப்போம்."

நான் "சரி ஆன்ட்டி" என்றேன். அந்தச் "சரி"க்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் பையன் காலித் தட்டில் கிடந்த துகளை விரலில் ஒற்றித் தின்றுகொண்டிருந்தான்.

அடுத்த சுற்று வருவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை பாலில் தண்ணீர் ஊற்றினேன். வெளுத்த நிறம் தெரியாமல் இருக்கக் கலர் போத்தலில் கொடுத்தேன். பையனுக்குத் தெரிந்தது. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுப் போத்தலை எறிவான். பசி பொறுக்காமல் தானே தவழ்ந்து போய் எடுத்துவந்து மறுபடி குடிப்பான். ஒவ்வொரு முறையும் நான் அவள் முகத்தை நினைத்துக்கொண்டேன். நல்ல எண்ணம் எதுவும் வரவில்லை. இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேர் மேலே துணி பிழிந்தேன். சின்னத்தனம்தான். செய்தேன்.

பிறகு புத்தி வந்தது.

செல்வியை இரண்டாம் முறை பார்க்கிற நாள் என் நாளுக்கு முன்னால் வந்தது. அவளிடம் சொன்னேன்: "வீட்டைக் கூட்டாத. குளிக்காத. ஒரு நாயும் வந்து ஒக்காரக்கூடாது, அப்படி வை."

"அசிங்கமா இருக்குமே அக்கா."

"அசிங்கத்துக்குத்தான் கூடை கெடைக்கும். சாயத்தை அழி."

தின்னரைத் தொட்டு நகத்தைச் சுரண்டினோம். அவள் வீட்டு டிவி, காற்றாடி, நல்ல நாற்காலி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் என் வீட்டுக்கு ஏற்றினோம். என் வீட்டுக்காரர் அந்தப் பெரிய டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டு, "ஆன்ட்டி இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்தா நல்லதுலா" என்றார்.

அவள் வந்தாள். செல்வி கிழிந்த சட்டையோடு வெறும் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கீழே வந்து கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரிடமும் சொன்னாள்: "பாவம்மா அந்தப் பொண்ணு, ஒரு நாற்காலிகூட இல்ல. எனக்குப் பார்த்தாலே தெரியும்லா." நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் காய்கறிப் பை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

யாரும் ஏமாற்று வேலை என்று சொல்ல வேண்டாம். செல்விக்கு முதல் முறையே கிடைத்திருக்க வேண்டியது அது. டிவி இருந்த வீட்டிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அதே எடைதான்.

அதற்குப் பிறகு என் வீடு கிடங்காகிவிட்டது. யார் வீட்டுக்கு அவள் வரப்போகிறாள் என்று தெரிந்தாலும் சாமான் மேலே ஏறும். ஒரு நாள் என் வீட்டில் மூன்று ரைஸ் குக்கர் இருந்தன. மூன்றிலும் போடுகிற அளவுக்கு அரிசி இல்லை.

என் சுற்று வருவதற்குள் பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எடை முன்னைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடை வரவில்லையா என்று கேட்டார்.

"வரல டாக்டர்."

"ஏன்?"

"வீடு சுத்தமா இருந்துச்சு."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அதே மிஸ்ஸி பக்கத்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்து மலாயில் சொன்னேன். மைலோ எதிர்வீட்டுடையது. கறிபாப் எதிர்வீட்டுடையது. திரை தீபாவளிக்கு வாங்கியது. சங்கிலி கவரிங். நீங்கள் எடை போட்டது என் பிள்ளையையா, என் ஜன்னலையா? அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸியின் முகம் சிவந்துவிட்டது. கூட வந்த அந்த மாமி சொன்னதால்தான் என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் சத்தம் போடவில்லை. மாமியிடம் கேட்க வேண்டாம், எடையையும் சம்பளத்தையும் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மிஸ்ஸி சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்தார். துணிக் குவியல், கழுவாத சட்டி, நான் கிழிந்த கஃப்தானில். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பார்த்தார். போகும்போது என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவரை மன்னித்துவிட்டேன். அவருக்கு என் மேல் எந்த வன்மமும் இல்லை, ஏமாந்துபோனார், அவ்வளவுதான்.

கூடை அனுமதியானது. ஆனால் கூடைகளை லாரி கொண்டுவந்து கீழே குழு அறையில் இறக்கும். அங்கே அதைக் கொடுப்பது இவள். வாங்குகிறவளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து பிளாக் குரூப்பில் போடுவாள். அவள் புடவையில் நிற்பாள், வாங்குகிறவள் தலையைக் குனிந்திருப்பாள். அதுதான் அவளுக்கு ஊதியம்.

என் முதல் கூடை வந்த அன்று லிப்ட் ரொசாக். அது கெட்டுப்போவது புதிதில்லை. ஆனால் அந்த முறை சாமான் வரப் பல வாரம் ஆகும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பையனுக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை. அவள் போன் போட்டாள்.

"கூடை வந்திருக்குமா. எறங்கி வா. போட்டோ எடுக்கணும்."

"பையன விட்டுட்டு வர முடியாது ஆன்ட்டி. லிப்ட் வேற இல்ல."

"வீட்டுக்காரர அனுப்பு."

"வேலைக்குப் போய்ட்டாரு. அம்மா கையிலதான் குடுக்கணும்னு மிஸ்ஸி சொல்லியிருக்காங்களே. நீங்க கொண்டு வாங்க."

"நானா? பன்னெண்டாவது மாடிக்கா? என் முட்டியப் பத்தி உனக்குத் தெரியாதாமா?"

"சாயங்காலத்துக்குள்ள வரலன்னா மிஸ்ஸிக்குப் போன் பண்றேன் ஆன்ட்டி. அவங்க நம்பர் எங்கிட்ட இருக்கு."

கிளினிக்கில் நடந்தது அவள் காதுக்குப் போயிருந்தது. போனை வைத்துவிட்டாள்.

நான் கதவைத் திறந்து நின்றேன். அவள் செருப்புச் சத்தம் கீழேயிருந்து வந்தது. கொஞ்சம் ஏறும், நிற்கும். கூடையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்கும். முருகா என்பாள். மறுபடி ஏறும். லெட்சுமி அக்கா வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"வயசானவங்கடி. பாதி வழி போய் வாங்கிக்க."

"ஒன்றர வயசுல என் பையன் பட்டினி கெடந்தான் அக்கா. அப்ப யாரு பாதி வழி வந்தா?"

அக்கா உள்ளே போய்விட்டார். நான் நகரவில்லை. எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. நன்றாக இருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் நன்றாக இருந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது பவுடரில் வியர்வை கோடு கோடாக ஓடியிருந்தது. தண்ணீர் என்று கையால் காட்டினாள். கொடுத்தேன். அவள் குடிக்கும்போது நான் கூடையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். முட்டையில் ஒன்று உடைந்திருந்தது. "உடைஞ்சிருக்கே ஆன்ட்டி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு என்ன தெரிந்ததோ, சொல்லவில்லை.

போனை எடுத்தாள், போட்டோவுக்கு.

"குடுங்க ஆன்ட்டி, நான் எடுக்கறேன். நீங்க கூடையத் தூக்கிட்டு நில்லுங்க. நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க."

மறுபடி சாமானை அடுக்கி அவள் கையில் கொடுத்தேன். தலை கலைந்து, வாய் திறந்து, முட்டி மடங்க நின்றாள். எடுத்தேன். அவள் போனிலிருந்தே குரூப்பில் போட்டேன். கீழே என் பெயரைப் போட்டு எழுதினேன்: "லிப்ட் சரியாகும் வரைக்கும் ஆன்ட்டி எல்லா அம்மாமார்களுக்கும் கூடையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பாங்க. நன்றி ஆன்ட்டி."

அவள் கீழே இறங்கி முடிப்பதற்குள் குரூப்பில் கும்பிட்ட கைகளாக வந்து குவிந்தன. ஏழாவது மாடி செல்வி முதலில் கேட்டாள். பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று. முதல் மாடி அழுகிறவளும் கேட்டாள். முடியாது என்று இவளால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு பேர் பார்க்க நன்றி சொல்லியிருந்தார்களே. அந்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஏறினாள். யார் வீட்டையும் சுற்றிப் பார்க்கிற மூச்சு அவளிடம் இல்லை. வாசலில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். திரை, நகம், நாற்காலி எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

முதல் கூடை வந்த அன்று சாயங்காலம் பாலை டின்னில் போட்டிருந்த அளவுப்படியே கலக்கினேன். பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினான். எறியவில்லை. மெதுவாகத்தான் எடை ஏறினான், ஆனால் ஏறினான். இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

அவள் கிள்ளானுக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். முட்டி ஆபரேஷன் என்று கேள்வி. வழியனுப்பும் விருந்தில் எத்தனையோ பேர் அவள் சேவையைப் பற்றிப் பேசினார்களாம். நான் போகவில்லை. ஆன்ட்டி உன்னை விசாரித்தார்கள் என்று லெட்சுமி அக்கா வந்து சொன்னார். விசாரிக்கட்டும்.

அவள் கிள்ளானுக்குப் போவதற்கு முன்பு, அந்த லிப்ட் ஒரு வழியாகச் சரியான அன்று பிளாக்கில் எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் மேலும் கீழும் போய் விளையாடினார்கள். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மாதமாவது கெட்டுக் கிடந்திருக்கலாம்.